விற்பவன் பழியும் வாங்குவோன் பொறுப்பும்: படைக்கல இறக்குமதித் தடையின் அறம்

முன்னுரை

ஒரு நாட்டுக்குப் படைக்கலங்களை விற்கலாகாது என விதிக்கப்படும் தடை நாம் நன்கறிந்த ஒன்று. கொடுங்கோல் அரசின் கையில் சேரும் துப்பாக்கி யாரைச் சுடும் என்பது தெரியும். ஆகவே கொடுப்பவன் கொடுக்க மறுக்கிறான். இதன் அறநியாயம் விளக்கம் வேண்டாதது. ஆனால் இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தடை உண்டு. இன்ன நாட்டில் செய்யப்பட்ட படைக்கலத்தை எம் நாட்டுக்குள் கொண்டுவரலாகாது எனவும் அரசுகள் விதிக்கின்றன. இங்கே துப்பாக்கி கொடுங்கோலனிடம் செல்லவில்லை, அவனிடமிருந்து வருகிறது. வந்து சேர்ந்தபின் அதனால் ஒருவர் கொல்லப்பட்டால், கொல்பவன் வாங்கிய நாட்டான். கொல்லப்படுபவரும் பெரும்பாலும் அந்நாட்டவரே. அவ்வாறாயின், விற்றவன் தன் மண்ணில் செய்யும் கொடுமைக்கும் வாங்கியவன் தன் மண்ணில் வைத்திருக்கும் துப்பாக்கிக்கும் இடையே உள்ள அறத்தொடர்பு யாது என்னும் வினா எழுகிறது. அவ்வினாவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

அரசியல் அறிவியலார் இத்தகைய விதிகளைப் பொருளாதாரத் தடை என்னும் பெருந்தலைப்பின்கீழ் வைத்து, அவை பயன் தந்தனவா என்று அளப்பர். அவ்வளவீடு தேவையானதே. எனினும் பயனை அளக்குமுன், மறுப்பவன் எதனை மறுக்கிறான், எதன்பொருட்டு மறுக்கிறான் என்பன தெளிவாக வேண்டும். அத்தெளிவுக்குத் தமிழ் அறநூல் மரபு நல்லதொரு தொடக்கத்தைத் தருகிறது. பழம்பெருமை பேசும் நோக்கில் இதனைக் கூறவில்லை. வாங்குவோனது பொறுப்பு என்னும் சிக்கலை நேருக்குநேர் எடுத்துப் பேசிய நூல் நம்மிடம் இருக்கும்போது, அதனை விடுத்து வேறெங்கோ தொடங்குவது முறையாகாது என்பதனாலேயே கூறுகிறேன்.

குறளின் சந்தை வாதம்

திருக்குறளில் புலான்மறுத்தல் அதிகாரத்தின் ஆறாவது குறள் (256) ஏனையவற்றினின்றும் வேறுபட்டதொரு வாதத்தை முன்வைக்கிறது. மற்றக் குறள்கள் பெரும்பாலும் அருளைப் பற்றியும் உண்பவனது உள்ளத்தைப் பற்றியும் பேச, இக்குறள் சந்தைக்குள் நுழைகிறது. உண்ண விழைவோர் இல்லையெனின், விற்பதற்கென்று ஊன் கொணர்வோரும் இல்லாமற்போவர் என்பது அதன் சாரம். ‘நான் கொல்லவில்லை, விலைகொடுத்து வாங்கினேன், கொலைப்பழி கொன்றவனையே சாரும்’ என்று வாதிடுவோர்க்கு இது மறுப்பாக அமைகிறது. பதிப்புகளில் இக்குறளுக்குக் ‘கொல்லாது’ என்றும் ‘கொள்ளாது’ என்றும் இருவகைப் பாடங்கள் காணப்படுகின்றன. முன்னதைக் கொண்டால் உண்பதன்பொருட்டு நிகழும் கொலை சுட்டப்படுகிறது. பின்னதைக் கொண்டால் விலைக்கு வாங்குதல் என்னும் செயலே நேராகச் சுட்டப்படுகிறது. லகர ளகர வேறுபாடுதான். ஆயினும் கொல்லுதலும் கொள்ளுதலும் ஒரே இடத்தில் நின்று பொருள் தருமளவுக்கு நெருங்கியவை என்பதனை அப்பாட வேறுபாடே உணர்த்திவிடுகிறது.

பௌத்தத்தின் அங்குத்தர நிகாயம் இல்லறத்தார் மேற்கொள்ளலாகாத வணிகங்கள் ஐந்து எனக் கூறும். படைக்கலம், உயிர்கள், ஊன், மது, நஞ்சு என்பன அவை. படைக்கலமும் ஊனும் அங்கே ஒரே வரிசையில் நிற்பது நோக்கத்தக்கது. ஆனால் அங்கு விலக்கப்படுவது விற்றல். வாங்குவோன் அப்பட்டியலில் பேசப்படவில்லை. வள்ளுவரோ வாங்குவோனையும் வழக்கினுள் சேர்க்கிறார்.

எனினும் இவ்வாதத்தை அப்படியே படைக்கலத்துக்குப் பொருத்துதல் இயலாது. ஊனைப் பொறுத்தவரை கொலை முன்னரே முடிந்துவிட்டது. விற்பனைப் பொருளே அக்கொலையின் விளைவு. துப்பாக்கியைப் பொறுத்தவரை கொலை இனிமேல்தான் நிகழவேண்டும். அதுவும் வாங்கியவன் கையால். ஊனை வாங்குவோன் ஒரு பழியின் முடிவில் நிற்கிறான். துப்பாக்கியை வாங்குவோன் இரண்டு பழிகளுக்கு நடுவில் நிற்கிறான். விற்கும் அரசு தன் மக்கள்மீது இழைக்கும் கொடுமை ஒருபுறம். தான் அத்துப்பாக்கியைக் கொண்டு செய்யக்கூடியது மறுபுறம். இறக்குமதித் தடை முதற்பழியை மட்டுமே நோக்குகிறது. இரண்டாவதைக் குறித்து அது வாய்திறப்பதில்லை.

இன்னொன்றும் கருதத்தக்கது. புலான்மறுத்தல் துறவறவியலில் வைக்கப்பட்டுள்ளது. தான் விரும்பியதை, தனக்குச் சுவை தருவதை விடுதலே அங்கு மறுத்தல் எனப்படுகிறது. பசியில்லாதவன் உணவை விலக்கினால் அது நோன்பாகாது. ஆனால் அரசு துறவியன்று. பொருட்பாலில் வள்ளுவரே அரசுக்குரிய ஆறு உறுப்புகளுள் படையை முதலில் வைத்து எண்ணுகிறார். படை வேண்டும் என ஒப்புக்கொண்ட அரசு, துறவறத்துக்குரிய மறுத்தலை எந்த அளவுக்கு மேற்கொள்ள முடியும் என்பதில்தான் நம் சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது. இரு சான்றுகளைக் கொண்டு இதனைக் காணலாம். இரண்டும் 1994ஆம் ஆண்டு மே மாதத்தில், அடுத்தடுத்த இரு நாட்களில் வந்து சந்திப்பது ஒரு வியப்பு.

தென்னாப்பிரிக்கா: வேண்டுகோளாக வந்த தடை

ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை 1977 நவம்பர் 4 அன்று நிறைவேற்றிய 418ஆம் தீர்மானம், நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவுக்குப் படைக்கலங்களை விற்பதனை எல்லா நாடுகளுக்கும் கட்டாயமாகத் தடைசெய்தது. உறுப்பு நாடு ஒன்றன்மீது இத்தகைய கட்டாயத் தடை விதிக்கப்பட்டது அதுவே முதன்முறை. வெளியிலிருந்து வரவு குறைந்ததும் அந்நாடு தன் படைக்கலங்களைத் தானே செய்துகொள்ளும் முயற்சியைப் பெருக்கியது. ஆம்ஸ்கார் என்னும் அரசு நிறுவனம் அதற்குத் துணைநின்றது. உள்நாட்டுத் தேவைக்கு மட்டும் பீரங்கி செய்து எந்தத் தொழிற்சாலையும் கட்டுப்படியாகாது. எனவே ஏற்றுமதி தொடங்கியது. அங்கு உருவான ஜி-5 பீரங்கி ஈரானுக்கு எதிரான போரில் ஈராக்கின் கைக்குச் சென்றது.

இந்நிலையில்தான் 1984 டிசம்பர் 13 அன்று பாதுகாப்பு அவை 558ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. தென்னாப்பிரிக்காவில் செய்யப்பட்ட படைக்கலங்களையும் வெடிபொருள்களையும் படை ஊர்திகளையும் எந்நாடும் இறக்குமதி செய்யாதிருக்குமாறு அது கேட்டுக்கொண்டது. ‘கேட்டுக்கொண்டது’ என்னும் வினையை இங்கு அறிந்தே எழுதுகிறேன். 1977இன் தீர்மானம் கட்டளை. 1984இன் தீர்மானம் வேண்டுகோள். விற்காதே என்று ஆணையிட முடிந்த அவைக்கு, வாங்காதே என்று ஆணையிட முடியவில்லை. அல்லது மனம் வரவில்லை. சட்டமொழியில் இவ்விரு வினைகளுக்கும் உள்ள தொலைவு, வாங்குவோனது பொறுப்பை உலகம் எவ்வளவு தயங்கித் தயங்கி ஏற்கிறது என்பதற்கு நல்ல சான்று.

வேண்டுகோளேயாயினும் அதன் அறநியாயம் குறளின் வாதத்தோடு முழுமையாகப் பொருந்துகிறது. பிறநாட்டார் கொடுக்கும் விலை, எந்தத் தொழிற்சாலை கருப்பின மக்கள் வாழிடங்களுக்குள் செல்லும் படை ஊர்திகளைச் செய்ததோ, அதே தொழிற்சாலையை நிலைநிறுத்தியது. விலைக்கும் கொடுமைக்கும் இடையே நீண்ட காரணச் சங்கிலி எதுவும் தேவைப்படவில்லை. வாங்குவோன் இல்லையெனின் அத்தொழில் தளரும். தொழில் தளர்ந்தால் அடக்குமுறையின் கருவி தளரும். அன்றியும் அந்நாட்டு ஒடுக்கப்பட்டோரின் இயக்கங்களே உலகத்தாரிடம் தம் அரசைப் புறக்கணிக்குமாறு கேட்டன. யார்பொருட்டு மறுக்கிறோமோ அவரே மறுக்கச் சொல்வது சிறிய செய்தியன்று. மறுப்பவன் தன் தூய்மையைக் காட்டிக்கொள்ளும் செயலாக அது அப்போது அமைவதில்லை. பிறர் கேட்ட உதவியாக அமைகிறது.

நிறவெறி ஆட்சி முடிந்து தேர்தல் நடந்தபின், 1994 மே 25 அன்று 919ஆம் தீர்மானம் இத்தடைகள் அனைத்தையும் விலக்கியது. 558ஆம் தீர்மானமும் பெயர் சுட்டி முடித்துவைக்கப்பட்டது. காரணம் நீங்கியதும் தடையும் நீங்கிற்று.

சீனத் துப்பாக்கியும் மனித உரிமையும்

அதற்கு மறுநாள், மே 26, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன் சீனாவைக் குறித்து ஓர் அறிவிப்பை வெளியிட்டார். அதன் பின்னணியைச் சற்று விரித்துக் கூறவேண்டும். 1989இல் தியனன்மென் சதுக்கத்தில் நிகழ்ந்த படுகொலைக்குப்பின் சீனாவுடனான வணிகம் அமெரிக்காவில் ஆண்டுதோறும் வழக்காடும் பொருளாகிவிட்டது. 1993 மே மாதம் கிளிண்டன், மனித உரிமையில் போதிய முன்னேற்றம் இருந்தால் மட்டுமே ‘மிகவும் வேண்டப்பட்ட நாடு’ எனும் வணிகத் தகுதி அடுத்த ஆண்டு சீனாவுக்கு நீட்டிக்கப்படும் என ஆணை பிறப்பித்திருந்தார். ஓராண்டு சென்றது. போதிய முன்னேற்றம் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டே தகுதியை நீட்டித்தார். இனி வணிகத்தையும் மனித உரிமையையும் முடிச்சிடுவதில்லை என்றும் அறிவித்தார். அதே அறிவிப்பில் சீனாவிலிருந்து துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இறக்குமதி செய்வதற்குத் தடை விதித்தார். சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற ஏற்றுமதியின் மதிப்பு 1993ஆம் ஆண்டிலேயே 3000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அதில் துப்பாக்கிகளின் பங்கு மிகச் சிறிது. பொம்மைகளும் ஆடைகளும் காலணிகளும் தடையின்றி வந்துகொண்டிருந்தன. சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் வேட்டைத் துப்பாக்கிகளுங்கூடப் பின்னர்ச் சீனாவிலிருந்து வந்தன. அவை அத்தடையின் வரையறைக்குள் அடங்கவில்லை.

எதனை மறுத்தார்கள் என்று கேட்கவேண்டிய இடம் இது. தென்னாப்பிரிக்காவைப்போல இங்கும் விற்றவை அரசுசார் நிறுவனங்களே. நோரின்கோ அவற்றுள் முதன்மையானது. ஆதலால் விலை ஓர் அடக்குமுறை அரசின் படைத்தொழிலுக்குச் சென்றது என்னும் வாதத்துக்கு இடமுண்டு. ஆனால் அவ்வாதம் உண்மையானால், அதே அரசுக்குச் செல்லும் ஏனைய பெருந்தொகையைக் குறித்தும் அது பேசவேண்டும். அது பேசவில்லை. பெரிய வணிகத்தைக் காப்பதற்காகச் சிறிய வணிகம் ஒன்று பலியாக வைக்கப்பட்டது எனக் கருதுவதற்கே இடமிருக்கிறது. மறுத்தவனுக்கு இழப்பு ஏதுமில்லை. மலிவான சீனத் துப்பாக்கிகள் வராமற்போனதில் உள்நாட்டு உற்பத்தியாளர்க்கு ஆதாயமே உண்டு.

இதனைவிட ஆழமான குறை ஒன்றும் உள்ளது. 1989 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியா மாநிலத்தின் ஸ்டாக்டன் நகரில் ஒரு தொடக்கப் பள்ளியின் விளையாட்டுத் திடலில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். கம்போடிய, வியட்நாமிய அகதிக் குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து குழந்தைகள் இறந்தனர். அவன் கையிலிருந்தது சீனாவில் செய்யப்பட்ட, கலாஷ்னிகோவ் வடிவத் துப்பாக்கி. போரிலிருந்து தப்பிப் பசிபிக் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள், எந்த வடிவத் துப்பாக்கி அப்போர்களில் மிகுதியாகப் புழங்கியதோ அவ்வடிவத் துப்பாக்கியாலேயே மாண்டனர். இதன்பின் அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்க அரசு 43 வகைத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதை நிலையாகத் தடைசெய்தது. அத்தடை நாட்டைப் பார்க்கவில்லை, வகையைப் பார்த்தது. ஆனால் அதே வகையை அமெரிக்க மண்ணிலேயே செய்வதை அது தடுக்கவில்லை. கரையில் நிறுத்தப்பட்ட துப்பாக்கி கரைக்குள் பிறந்தால் குற்றமற்றதாயிற்று.

1989இன் தடைக்குக் காரணம் இறந்த குழந்தைகள். 1994இன் தடைக்குக் காரணம் பெய்ஜிங்கின் சிறைகள். இரண்டும் ஒரே துப்பாக்கியைத் தொடுகின்றன. ஆனால் இரண்டாவது தடைக்கு ஸ்டாக்டன் பள்ளி கண்ணிலேயே படவில்லை. அது பிறந்த இடத்தைக் கேட்டதே அன்றிச் செய்யும் வேலையைக் கேட்கவில்லை. மனித உரிமையின் பெயரால் வந்த தடை, தன் நாட்டில் மனிதர் சாவதைக் குறித்து ஒன்றும் சொல்லாமல் நிறைவேறிவிடும் என்பது இத்தகைய தடைகளின் உள்ளார்ந்த குறைபாடு.

ஐந்தாண்டுக் காவல்

பிறந்த இடத்தைக் குற்றமாகக் கொள்ளும் சிந்தனை எங்கே கொண்டு விடும் என்பதற்கு ஒரு விதி நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்க ஒன்றிய விதித்தொகுப்பின் 27ஆம் தலைப்பு, 447ஆம் பகுதி, விலக்கப்பட்ட நாடுகளிலிருந்து படைக்கலம் கொண்டுவருவதைப் பற்றியது. கியூபா, ஈரான், வடகொரியா, வியட்நாம், சீனா முதலியன வெவ்வேறு காலங்களில் அவ்வரிசையில் இடம்பெற்றவை. வேறு நாட்டில் செய்யப்பட்ட படைக்கலமாயினும், விலக்கப்பட்ட நாட்டுக்குச் சொந்தமான கப்பலிலோ வானூர்தியிலோ ஏற்றிவருதல் கூடாது. விலக்கப்பட்ட நாட்டில் செய்யப்பட்டதோடு, அந்நாட்டில் இருந்துவந்த படைக்கலமும் இவ்விதிக்கு உட்பட்டதே. ஆனால் பழம்பொருளாகச் சேகரிப்போர்க்கு ஒரு விலக்கு அளிக்கப்பட்டது. அந்நாடு விலக்கப்படுவதற்கு முன்னரே செய்யப்பட்டதாயும், இறக்குமதிக்கு முந்தைய ஐந்தாண்டுகள் விலக்கப்படாத நாடொன்றில் வைக்கப்பட்டதாயும் அத்துப்பாக்கி இருந்தால் அனுமதி வழங்கலாம்.

தொட்டாலும் ஏறும், ஏற்றிவந்தாலும் ஏறும், இவ்வளவு காலம் விலகியிருந்தால் நீங்கும் என்னும் இந்த அமைப்பு தமிழர்க்குப் புதியதன்று. இதற்குத் தீட்டு என்று பெயர். அச்சொல்லை இங்கு எளிதாகக் கையாளவில்லை. பிறப்பிடத்தை வைத்துத் தூய்மையையும் அழுக்கையும் வகுத்த அச்சிந்தனை நம் சமூகத்தில் மனிதர்க்கு இழைத்த கொடுமை நாம் அறிந்ததே. துப்பாக்கிக்கு அவ்வாறு நேர்வதில் கொடுமை ஏதுமில்லை. ஆயினும் சிந்தனையின் பிழை ஒன்றுதான். குற்றம் செயலில் இருப்பதை விட்டுத் தோற்றுவாயில் இருப்பதாகக் கொள்ளும்போது, செயலை ஆராயும் கடமை கைநழுவிப் போகிறது. ஐந்தாண்டுகள் ஒரு கிடங்கில் கிடந்ததால் அத்துப்பாக்கியின் சுடுந்திறன் குறைவதில்லை.

நேர்மையாக நோக்கின் அவ்விதிக்கு ஒரு நியாயமும் உண்டு என்பதை மறைத்தல் கூடாது. நீண்ட காலத்துக்கு முன்பே கைமாறிய துப்பாக்கிக்கு இன்று கொடுக்கும் விலை, விலக்கப்பட்ட அரசின் கருவூலத்துக்குச் செல்லாது. ஐந்தாண்டு என்பது அதற்கான தோராயமான அடையாளமாகலாம். அப்படிக் கொண்டால் இது தீட்டு வாதமாகாமல் குறளின் விலை வாதமாகவே நிற்கும். ஒரே விதியை இருவகையாகவும் படிக்க முடிகிறது என்பதே, அதனை எழுதியவர்கள் எதனைக் கருதினார்கள் என்று தெளிவாகக் கூறவில்லை என்பதற்குச் சான்று.

உருசியா: எது எளிதோ அது

2014இல் உருசியா கிரிமியாவைக் கைப்பற்றியபின், அவ்வாண்டு ஜூலையில் கலாஷ்னிகோவ் நிறுவனம் அமெரிக்கத் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. உருசியாவிலிருந்து வந்த அந்நிறுவனத் துப்பாக்கிகள் நின்றன. சில ஆண்டுகளில் அதே வடிவத் துப்பாக்கிகள் அமெரிக்காவிலேயே செய்து விற்கப்பட்டன. அலெக்சி நவால்னிக்கு 2020 ஆகஸ்டில் நஞ்சூட்டப்பட்டதை அடுத்து, வேதியியல் படைக்கலங்களைப் பற்றிய 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், உருசியத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இறக்குமதி செய்யப் புதிய அனுமதிகள் 2021 செப்டம்பர் முதல் மறுக்கப்பட்டன. முன்னரே வழங்கிய அனுமதிகள் தம் காலம் முடியும்வரை செல்லுபடியாயின.

இதே காலத்தில் அமெரிக்காவின் படைத்துறைச் செயற்கைக்கோள்களை விண்ணுக்கு ஏற்றிய அட்லஸ்-5 ஏவூர்தியின் முதற்கட்ட எந்திரம் உருசியாவில் செய்யப்பட்ட ஆர்டி-180. கிரிமியாவுக்குப்பின் அவ்வெந்திரத்தை வாங்குவதற்கு வரம்பு விதிக்கப்பட்டது. மாற்று எந்திரம் உருவாகவில்லை என்றவுடன் வரம்பு தளர்த்தப்பட்டது. அணுமின் நிலையங்களுக்கான செறிவூட்டப்பட்ட உருசிய யுரேனியத்தின் இறக்குமதியைத் தடைசெய்யும் சட்டம் 2024 மே மாதத்தில்தான், அதாவது உக்ரைன்மீது முழுப்போர் தொடுக்கப்பட்டு ஈராண்டு கழிந்தபின், வந்தது. அதிலும் சில ஆண்டுகளுக்கு விலக்களிக்க இடம் வைக்கப்பட்டது. விட எளிதானது உடனே விடப்பட்டது. விட அரியது விடப்படவில்லை.

இதனை இரட்டை வேடம் எனக் கூறி ஒதுக்கிவிடுவோர் உண்டு. அவர்களோடு முழுதும் உடன்பட இயலவில்லை. ஒருவன் பத்துத் தீமைகளுள் ஒன்றை மட்டும் விட்டான் என்பதற்காக, அதனையும் விடாதிருக்கலாம் என்று கூறுதல் முறையன்று. தோட்டா விற்பனையால் சென்றிருக்கக்கூடிய பணம் செல்லவில்லை என்றால் அந்த அளவுக்கு அது நன்றே. ஆயினும் அச்செயலை மறுத்தல் என்று அழைக்கத் தயங்குகிறேன். துறவறவியலில் அச்சொல்லுக்குள்ள பொருள் இங்கு இல்லை. தனக்கு வேண்டாததை விலக்கியவன், வேண்டியதை விலக்கியவனுக்குரிய பெயரைப் பெற்றுக்கொள்கிறான். பெயர் மாறாட்டம் சிறு குற்றமாகத் தோன்றலாம். ஆனால் அறத்தின் பெயரை மலிவாகப் பெற முடியும் என்றானபின், விலைகொடுத்து அதனைப் பெற முன்வருவோர் குறைவர்.

பிறன் கையையும் கட்டுதல்

2017 ஆகஸ்டில் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் ஒன்று இன்னும் ஒருபடி மேலே சென்றது. உருசியப் படைத்துறையோடு பெரிய அளவில் கொள்முதல் செய்யும் எந்நாட்டவர்மீதும் தடை விதிக்க அது வழிவகுத்தது. உருசிய எஸ்-400 வான்காப்பு ஏவுகணைகளை வாங்கியதற்காகத் துருக்கியின் படைத்துறைக் கொள்முதல் அமைப்பின்மீது 2020 டிசம்பரில் தடை விதிக்கப்பட்டது. அதே ஏவுகணைகளை வாங்க இந்தியா 2018 அக்டோபரில் 543 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம் செய்தது. 2021 இறுதியில் அவை வரத் தொடங்கின. இந்தியாமீது அச்சட்டத்தின்கீழ்த் தடை விதிக்கப்படவில்லை.

தான் வாங்காதிருத்தல் ஒருவனது உரிமை. வாங்காதே என்று அடுத்தவனைக் கேட்டுக்கொள்ளுதலும் உரிமையே. 1984இன் தீர்மானம் அவ்வாறு கேட்டுக்கொண்டது. வாங்கினால் உன்னை ஒறுப்பேன் என்பது வேறு. அதற்கு ஒரு பொதுஅவையின் ஆணையேனும், ஒறுப்பவன் தானும் அதே இழப்பை ஏற்றிருத்தலேனும் வேண்டும். இரண்டும் இங்கில்லை. ஏவூர்தி எந்திரத்தை வாங்கிக்கொண்டிருந்த நாடு ஏவுகணையை வாங்குவோனைத் தண்டிக்கப் புகுந்தது.

இந்திய நோக்கு

அவ்வாறாயின் இந்தியாவின் நிலை அறத்தின்பாற்பட்டதா? அவ்வாறும் கூறுவதற்கில்லை. உலகில் படைக்கலங்களை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடுகளுள் நெடுங்காலமாக முன்வரிசையில் இருப்பது இந்தியா. யாரிடம் வாங்கலாகாது என்பதற்கு இந்திய விதிகள் தரும் காரணங்களைத் தொகுத்து நோக்கின், அவற்றுள் விற்பவன் தன் மக்களுக்கு என்ன செய்கிறான் என்னும் வினா இடம்பெறவே இல்லை. கையூட்டுக் குற்றச்சாட்டு எழுந்தால் அந்நிறுவனத்தை விலக்கிவைக்கும் வழக்கம் உண்டு. 2005இல் தென்னாப்பிரிக்க அரசுக்குரிய நிறுவனம் ஒன்றனோடு இருந்த கொள்முதல் அவ்வாறு நிறுத்தப்பட்டது. அக்குற்றச்சாட்டு பின்னர் மெய்ப்பிக்கப்படவில்லை. அதற்குள் திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலை அதே வகையைச் சேர்ந்த ‘வித்வன்சக்’ என்னும் நெடுந்தொலைவுத் துப்பாக்கியைச் செய்துவிட்டது. இங்கும் துப்பாக்கி நின்றது, பிறப்பிடம் மாறியது.

2020 ஜூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த மோதலை அடுத்து, ஜூலை 23 அன்று பொது நிதி விதிகள் திருத்தப்பட்டன. இந்தியாவோடு நில எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகளின் நிறுவனங்கள், உரிய அமைப்பிடம் பதிவுபெறாமல் அரசுக் கொள்முதலில் பங்கேற்க இயலாதென்று விதிக்கப்பட்டது. சீனா என்று பெயர் சொல்லப்படவில்லை. நாட்டின் பாதுகாப்பே காரணமாகக் காட்டப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் 101 படைக்கல வகைகளின் இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்தும் பட்டியல் ஒன்றும் வெளியாயிற்று. முதலில் ‘எதிர்மறைப் பட்டியல்’ என வழங்கிய அது, அடுத்த ஆண்டே ‘நேர்மறை உள்நாட்டுமயமாக்கல் பட்டியல்’ எனப் பெயர் மாறியது. மொழி பயில்வோர் இப்பெயர் மாற்றத்தைக் கவனியாமல் செல்லலாகாது. முதற்பெயரில் எதனையோ விலக்குகிறோம் என்னும் உணர்வாவது இருந்தது. இரண்டாவதில் விலக்கல் மறைந்து ஆக்கல் மட்டும் எஞ்சியது.

இவ்விதிகளில் போலித்தனம் இல்லை. என் காப்புக்காக விலக்குகிறேன் என்று அரசு வெளிப்படையாகக் கூறுகிறது. அறத்தின் பெயரைக் கடன் வாங்கவில்லை. 1994இன் அறிவிப்போடு ஒப்பிடுகையில் இது நேர்மையானது. ஆனால் நேர்மையாகக் கேளாதிருத்தலும் கேளாதிருத்தலே. தன் மக்களைச் சுடும் அரசொன்று மலிவாகவும் கையூட்டின்றியும் நம்பகமாகவும் துப்பாக்கி தர முன்வந்தால், மறுப்பதற்கு நம் விதிகளில் சொல் இல்லை.

ஒரு காலத்தில் அச்சொல் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் இந்தியர் நடத்தப்பட்ட முறையைக் கண்டித்து, 1946 ஜூலையில் இந்தியா அந்நாட்டோடு வணிகத்தை முறித்துக்கொண்டது. உலகில் அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் வழிவந்தோரும் அவ்விந்தியருள் பெருந்தொகையினர். அப்போது நாடு விடுதலைகூடப் பெற்றிருக்கவில்லை. அன்றைய இந்திய ஏற்றுமதியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றுகொண்டிருந்தது. அந்த இருபதில் ஒரு பங்கைத் தெரிந்தே இழந்தார்கள். பாதுகாப்பு அவை அதே நாட்டின் படைக்கலங்களை வாங்காதீர் என்று உலகத்தாரைக் கேட்டுக்கொள்வதற்கு அதன்பின் 38 ஆண்டுகள் ஆயின.